கண்மாய்க்கும் ஒரு கணக்கு வேண்டும்

புதுக்கோட்டை மாவட்டம் அரிமளம் வட்டாரம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகினால் நெல் உண்டு. பெருகாவிட்டால் வயல் தரிசுதான். மாவட்டத்தில் 5,000-க்கு மேற்பட்ட கண்மாய்கள் இருந்தும், வரத்து இல்லையேல் பயனில்லை.

இவ்வட்டாரத்து மேட்டுக் காடுகளில் தைல மரம் பரவலாக நிற்கிறது. 1974-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் காகிதக் கூழுக்காக இதை வளர்க்கிறது. 5 முதல் 7 ஆண்டுகளில் வெட்டலாம். அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். பராமரிப்புச் செலவு குறைவு. ஆகவே ஏட்டுக் கணக்கில் இது இலாபமே.

ஆனால், மரத்துக்கு ஈரம் நிற்கக் காட்டுக்குள் வரப்பும் குழியும் எடுப்பதால் மழைத் தண்ணீர் கண்மாய்க்கு வருவதில்லை என்று விவசாயிகள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். வரப்பு மண் அரிப்பைத் தடுக்கும் என்பது உண்மையே. அது வரத்து வாரியை மறிக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு தண்ணீரின் மதிப்பு

ஒரு ஏக்கரில் 1 செ.மீ. உயரம் நிற்கும் நீர் சுமார் 40,000 லிட்டர். 100 ஏக்கர் காட்டிலிருந்து ஒரு பருவத்தில் 5 செ.மீ. அளவு நீர் ஓடி வருவதாக வைத்துக்கொண்டால் 2 கோடி லிட்டர் ஆகிறது. வழியில் வீணாவதைக் கழிக்காமல் பார்த்தால், இது 100 ஏக்கர் நெல்லுக்கு ஒரு தண்ணீர். கதிர் வெளிவரும் சமயம் அந்த ஒரு தண்ணீர் கிடைக்காமல் பயிர் சாவியாகப் போவதை அறியாத குடியானவர் இல்லை.

மரம் விற்ற பணம் ஏட்டில் ஏறுகிறது. சாவியான நெல், நடவுக் கூலி இழந்த பெண்கள், மேய்ச்சல் இழந்த ஆடுகள், கண்மாய் மீன் ஆகியவை எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. இவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதே உண்மையான இலாபம்.

செய்ய வேண்டியவை

கோடையிலேயே ஊரார் கூடி, காட்டிலிருந்து கண்மாய் வரை வரத்து வாரியை நடந்து பார்க்க வேண்டும். அடைபட்ட இடங்களைப் புல எண்ணுடன் குறித்து, ஆகஸ்டு 15 கிராம சபையில் தீர்மானமாக வைக்கலாம். கடைமடைக்காரர், நிலமில்லாதோர், பெண்கள் ஆகியோரையும் அழைத்துச் செல்வது அவசியம். நஷ்டத்தின் இடம் அவர்களுக்கே தெரியும்.

நீர் வற்றியதும் வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்து, அனுமதி பெற்று வண்டல் எடுத்து வயலில் இடலாம். கண்மாய் ஆழமாகும், மண்ணும் வளம் பெறும்.

பட்டா மேட்டு நிலத்தில் தைல மரம் வைக்க எண்ணுவோர், கீழே உள்ள வயல்காரரையும் கலந்துகொள்வது நல்லது. நிலக்கடலை, உளுந்து, வரப்போரம் வேம்பு என்று கலந்து வைத்தால் ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

கலுங்கு தாண்டித் தண்ணீர் போகும் ஆண்டே ஊர் முழுவதும் இலாபம் கண்ட ஆண்டாகும்.