மருந்தின் தீங்கும் அதன் முஸ்லிஹும்

யூனானி நூல்களில் ஒரு மூலிகையைப் பற்றிய பகுதியைப் புரட்டினால், அதன் பெயர், மிஸாஜ், பயன்கள் ஆகியவற்றோடு இரண்டு சிறு குறிப்புகளையும் காணலாம். ஒன்று ‘முளிர்’, அம்மருந்து எவ்வுறுப்புக்குத் தீங்கு செய்யும் என்பது. மற்றொன்று ‘முஸ்லிஹ்’, அத்தீங்கைச் சீர்செய்யும் துணைப்பொருள். இஸ்லாஹ் என்னும் சொல் பிறந்த வேரே இதற்கும் வேர். நம் தென்மாவட்டக் கரிசலில் விளைந்து, ‘திருநெல்வேலி ஸென்னா’ என்றே உலகச் சந்தையில் பெயர் பெற்ற நிலவாகைக்கு (அரபியில் ஸனா) ரோஜா இதழை முஸ்லிஹாகச் சொல்வர். தீங்கற்ற மருந்து உண்டென்று அந்த ஹகீம்கள் நம்பவில்லை.

இன்று நம்மிடையே நிலவுவதோ வேறு எண்ணம். மாத்திரை கெடுக்கும், பச்சிலை காக்கும் என்பதே அது.

தளவாய்புரத்தில் நைட்டி தைப்போர் நாள் முழுதும் இயந்திரத்தின்முன் குனிந்திருப்பவர்கள். இடுப்புவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவது அத்தகைய தொழிலில் எளிதில் பழகிவிடும். ஆஸ்பிரின் வகை மருந்துகள் உடலில் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுத்து வலியைக் குறைக்கின்றன என்பதை ஜான் வேன் 1971இல் விளக்கினார். இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சளிப்படலத்திற்கும் அப்பொருளே ஆதாரம். எனவே வலியைத் தணிப்பதும் வயிற்றைப் புண்ணாக்குவதும் ஒரே செயலின் இரு முகங்கள். இதற்கு அதிமதுரத்தை நாடுவோர் உண்டு. அரபு நூல்களின் ‘அஸ்லுஸ் ஸூஸ்’ இதுவே. குடற்புண்ணை அது ஆற்றுவதை 1946இல் நெதர்லாந்து மருத்துவர் ஒருவரும் எழுதினார். ஆயின் நோயாளிகள் சிலருக்கு உடல் வீங்கியதையும் அவரே கண்டார். அதிலுள்ள கிளிசிரைசின் உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றும். அழுத்தத்திற்கு மாத்திரை உண்பவர் அதைத் தொடர்ந்து குடிப்பது ஆபத்து.

கல்லீரலின் செய்தி இன்னும் நுட்பமானது. பாராசிட்டமாலின் ஒரு பகுதியைக் கல்லீரல் நச்சுப்பொருளாக மாற்றுகிறது. குளூட்டதயோன் அந்நச்சை முறிக்கும். அளவு மீறினால் அந்த இருப்புத் தீர்ந்து கல்லீரல் அழியும். மருத்துவமனையில் அப்போது அசிட்டைல்சிஸ்டீன் கொடுத்து அந்த இருப்பை மீட்கிறார்கள். பழைய ஹகீம் பார்த்திருந்தால் இதையும் முஸ்லிஹ் என்றே குறித்திருப்பார்!

நம் வீடுகளிலோ முதலில் நினைவுக்கு வருவது கீழாநெல்லி. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைட்டிஸ் பி கிருமியைத் தாங்கிய 37 பேருக்கு அதை 30 நாள் கொடுத்து, 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்ததாக ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். பின்னர் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. அதுவும் கிருமியைப் பற்றிய ஆய்வே, மருந்து விளைத்த கேட்டைப் பற்றியதன்று. மருந்தால் கெட்ட எலிகளின் கல்லீரலைக் கீழாநெல்லிச் சாறு காத்ததாக ஆய்வுகள் உண்டு. மனிதரிடம் உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை.

இங்கேதான் உயிர் ஊசலாடுகிறது. காசநோய்க்குத் தரப்படும் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு மூன்றும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை. கண் மஞ்சளித்ததும் ‘மஞ்சள் காமாலை’ என்று மருத்துவரிடம் சொல்லாமலே கீழாநெல்லி அரைத்துக் குடித்து மாத்திரையைத் தொடர்ந்தால் கல்லீரல் செயலிழக்கலாம். தாமாகவே மாத்திரையை அடியோடு விட்டுவிட்டால் நோய் மருந்துக்கு அடங்காததாக மாறலாம். எதை நிறுத்துவது, எதை எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை இரத்தப் பரிசோதனை கொண்டு மருத்துவரே முடிவு செய்ய இயலும்.

பச்சிலையே கல்லீரலைக் கெடுப்பதும் உண்டு. கொரோனாக் காலத்தில் சீந்தில் குடித்துக் கல்லீரல் அழற்சிக்கு ஆளான ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினர். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. ஒத்த தோற்றமுள்ள வேறு கொடியாக இருக்கலாம் என்றது. அவ்வாறே இருப்பினும், கொடியை இனங்காணத் தெரியாதவர் பறித்துக் கொடுத்தார் என்றல்லவா ஆகிறது?

மருத்துவம் அறிந்தவரென அறியப்படாதவர் மருத்துவம் செய்தால், விளையும் தீங்குக்கு அவரே பொறுப்பாளி என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூத், நஸாயீ தொகுப்புகளில் உள்ளது. ஃபிக்ஹு நூலார் இதைக் கொண்டே இழப்பீட்டுச் சட்டத்தை ஆராய்வர். அண்டை வீட்டாருக்கு அன்போடு கஷாயம் காய்ச்சித் தருபவரும் இதில் அடங்குவாரா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. உண்ணும் மாத்திரைகள் என்னென்ன என்று முதலில் கேட்டீர்களா என்பதே அவருக்கு என் கேள்வி.