இடுப்பு மூட்டுக்கும் 'அளவு ஜாக்கெட்' உண்டு!

'இடுப்பு மூட்டை மாத்திடலாம்' என்று டாக்டர் சொன்னதும், 'வலி போயிடுமா?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். 'ரெண்டு காலும் சமமா இருக்குமா?' என்றும் கேளுங்கள். அது நியாயமான கேள்வி!

1962-ல் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி, உலோகத் தண்டும் பிளாஸ்டிக் கிண்ணமும் சேர்ந்த மூட்டைப் பொருத்திக் காட்டிய பிறகுதான் இந்த ஆபரேஷன் உலகமெங்கும் பரவியது. தொடை எலும்புக்குள் இறக்கும் அந்தத் தண்டு உயர்ந்து நின்றால் கால் நீளும், தாழ்ந்தால் குட்டையாகும். சில மில்லிமீட்டரை உடம்பு பொறுத்துக்கொள்ளும். அதிகமானால் தாங்கித் தாங்கி நடக்க வேண்டியதுதான். தண்டு பெரிதானால் எலும்பு விரிசல் விடலாம். சிறிதானால் ஆட்டம் காணலாம்.

அதனால்தான் முன்கூட்டியே அளவெடுக்கிறார்கள். முன்பெல்லாம் எக்ஸ்-ரே ஃபிலிம் மேல், மூட்டின் படம் அச்சிட்ட கண்ணாடித் தாளை வைத்துப் பார்ப்பார்கள். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் திரையில்!

உருண்டை எதற்கு?

எக்ஸ்-ரே என்பது நிழல். விளக்குக்கும் சுவருக்கும் நடுவே கையை நீட்டினால் நிழல் பெரிதாக விழுமல்லவா? எலும்பும் அப்படித்தான். எவ்வளவு பெரிது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால், அளவு தெரிந்த உலோக உருண்டை ஒன்றை இடுப்பு எலும்பின் மட்டத்தில் வைத்துப் படம் எடுக்கிறார்கள். 25 மில்லிமீட்டர் உருண்டை படத்தில் 30 ஆகத் தெரிந்தால், எலும்பும் அதே விகிதத்தில் பெரிதாகியிருக்கிறது என்று கணக்கு. கம்ப்யூட்டர் அதை நிஜ அளவுக்குச் சுருக்கிவிடும்.

பிறகு டாக்டர், கிண்ணத்தையும் தண்டையும் ஒவ்வொரு சைஸாகத் திரையில் பொருத்திப் பார்த்து, எலும்பை எங்கே வெட்டுவது என்று குறித்துக்கொள்வார். மறுபக்க மூட்டு நன்றாக இருந்தால், அதுதான் அளவு ஜாக்கெட்! ஆனாலும் ஒரு சைஸ் கூடவோ குறையவோ தேவைப்படலாம். கடைசி முடிவு ஆபரேஷன் மேஜையில்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது

* உருண்டையைத் தொடைகளுக்கு நடுவே வைத்தால் கூச்சப்பட்டு நகர்த்தாதீர்கள். கணக்கே தப்பிவிடும்.

* பாதத்தை உள்பக்கம் திருப்பச் சொல்வார்கள். வலியால் முடியாவிட்டால் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் படத்தில் எலும்பின் கழுத்து குட்டையாகத் தெரியும்.

* முதுகு வளைவு, பழைய முறிவு, ஒரு செருப்பை மட்டும் உயர்த்திப் போடும் பழக்கம்... எதையும் மறைக்காதீர்கள்.

* நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். சில மருந்துகள் ரத்தம் உறைவதைப் பாதிக்கலாம்.

'தைலத்திலேயே சரிப்படுத்திடலாமே?' என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. தைலம் சதை இறுக்கத்தைத் தளர்த்தும்; முழுக்கத் தேய்ந்த மூட்டை வளர்க்காது. அந்த நிலைக்கு வந்தவர்கள் தள்ளிப்போடாமல் அளவெடுக்கப் போவதே நல்லது!