படுக்கும் அரைமணி, விடியும் ஒருமணி

இரண்டு படுக்கையறை ஃபிளாட். பெரியவனுக்கு நாலரை வயது, சின்னவளுக்கு இரண்டு நெருங்குகிறது. இதுவரை இரண்டு கட்டிலை ஒட்டிப் போட்டு நால்வரும் ஒரே அறையில் படுத்தாயிற்று. இனிப் பிள்ளைகள் இருவரையும் அடுத்த அறைக்கு மாற்ற வேண்டும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசலாம். இந்த யோசனையில் இருக்கும் பெற்றோர் ஏறக்குறைய எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "நடுராத்திரியில் இவள் அழுதால் அவனும் எழுந்து உட்கார்ந்துவிடுவானே?"

பெரும்பாலும் எழ மாட்டான். உறக்கம் இரவு முழுக்க ஒரே ஆழத்தில் ஓடுவதில்லை. இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில்தான் ஆழ்ந்த உறக்கம் அதிகம். சிறு பிள்ளைகளுக்கு அது நமக்கு வருவதைவிட ஆழமானது. ஊரிலிருந்து திரும்பும்போது காரில் தூங்கிப்போன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி, செருப்பைக் கழற்றி, சட்டையை மாற்றிக் கிடத்தினாலும் கண் திறப்பதில்லையே, அந்த உறக்கம். விடியல் நெருங்க நெருங்க அது லேசாகிக்கொண்டே போகும், கனவுகள் கூடும். அதனால் பத்தரை மணிக்குத் தங்கை வீறிட்டு அழுதாலும் புரண்டு படுக்கிற அண்ணன், ஐந்து மணிக்கு அவள் மெல்ல "அம்மா" என்றாலே எழுந்துவிடுவான். கவனம் வைக்க வேண்டிய நேரம் இரண்டு: படுக்கிற அரைமணி, விடிகிற ஒருமணி. இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் நடுராத்திரி பெரும்பாலும் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

படுக்கிற நேரத்திலிருந்து தொடங்குவோம். சூரிச்சைச் சேர்ந்த உறக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982-இல் முன்வைத்த விளக்கம் இங்கே உதவுகிறது. உறக்கத்தை இரண்டு விஷயங்கள் நடத்துகின்றன என்றார் அவர். ஒன்று, உடலின் உள்கடிகாரம். மற்றொன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஏறிக்கொண்டே போகிற உறக்க அழுத்தம். பசி ஏறுவதைப் போல அது ஏறும். பகலில் குட்டித் தூக்கம் போட்டால், மாலையில் பஜ்ஜி தின்றவனுக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்காத கதைதான். பிளே ஸ்கூலில் மத்தியானம் மூன்றரை வரை தூங்கிவிட்டு வருகிற பையனுக்கு எட்டு மணிக்கு அழுத்தமே ஏறியிருக்காது. அவனையும் தங்கையையும் ஒன்றாகப் படுக்கவைத்து விளக்கை அணைத்தால் என்ன ஆகும்? அவன் பேசுவான், அவள் சிரிப்பாள், அப்புறம் தலைகாணி பறக்கும். ஒன்பதே முக்காலுக்கு ஒருத்தி அழுவாள். அது குறும்பு இல்லை. உறக்கம் வராத ஒருவனையும் உறக்கத்தில் தள்ளாடும் ஒருத்தியையும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் விட்ட நேரப்பிழை.

ஒன்றிலிருந்து இரண்டு வயதுவரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து, நாளுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்றிலிருந்து ஐந்து வயதுவரை 10 முதல் 13 மணி நேரமும் வேண்டும் என்பது அமெரிக்க உறக்க மருத்துவ அகாடமி 2016-இல் வெளியிட்ட பரிந்துரை. ஆகவே சின்னவள் முதலில் போகட்டும். எட்டு மணிக்கு அவளைப் படுக்கவையுங்கள். அந்த அரைமணி, முக்கால்மணி பெரியவன் ஹாலில் அப்பாவோடு இருக்கட்டும். கதை, பல் தேய்ப்பது, கடைசித் தண்ணீர், கடைசி ஒன்றுக்கு எல்லாம் வெளியிலேயே முடியட்டும். அவள் ஆழ்ந்த உறக்கத்துக்குள் போன பிறகு அவன் உள்ளே போனால், கதவு கிரீச்சிட்டாலும் பரவாயில்லை. இந்த முக்கால்மணியை அவனுக்குக் கிடைத்த பரிசாக நான் மதிக்கிறேன். தங்கை பிறந்த நாளிலிருந்து அம்மா அப்பாவைப் பங்குபோட்டே பழகிய பிள்ளை அவன். தினமும் ஒருவர் முழுசாக அவனுக்கென்று கிடைக்கிற நேரம் அது.

அடுத்து வெளிச்சம். நம் வீடுகளில் ராத்திரிக்கு ஜீரோ வாட் பல்பு போடுகிற வழக்கம் உண்டு; பல வீடுகளில் அது நீலம். உறக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலடோனின் சுரப்பை அதிகம் தடுப்பது நீல ஒளிதான். பள்ளி செல்லத் தொடங்காத வயதுப் பிள்ளைகள் வெளிச்சத்துக்கு எவ்வளவு கூர்மையாக எதிர்வினை காட்டுகிறார்கள் என்பதைக் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். படுக்கும் நேரத்துக்கு முன் வருகிற மங்கலான வெளிச்சமே அவர்களுடைய மெலடோனினைக் கணிசமாகக் குறைத்தது. ஆகவே நீலத்தைக் கழற்றிவிட்டு ஆரஞ்சோ சிவப்போ போடுங்கள், கால்மாட்டில், முகத்தில் படாத இடத்தில். ஹாலில் டிவி ஓடினால் கதவிடுக்கு வழியாக வரும் வெளிச்சத்தையும் பாருங்கள்.

தூளியில் தூங்கிய பிள்ளை என்றால் ஒரு விஷயம் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். இரவில் பல தடவை எல்லாக் குழந்தைகளும் அரைகுறையாக விழிக்கிறார்கள். தூங்கும்போது இருந்ததே அப்போதும் இருந்தால் மறுபடி அமிழ்ந்துவிடுவார்கள். ஆட்டத்தில் தூங்கிப் பழகியவள், ஆட்டம் நின்றிருந்தால் அதைத் தேடி அழுவாள். அதனால் தூளியிலிருந்து மெத்தைக்கு மாறுவது உங்கள் அறையிலேயே முதலில் நடக்கட்டும். அது பழகிய பிறகு அறையை மாற்றுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தால் எதற்காக அழுகிறாள் என்று உங்களுக்கே தெரியாது. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு இந்தப் பேச்சே வேண்டாம். அண்ணனோ அக்காவோ படுக்கிற மெத்தையில் கைக்குழந்தையைப் போடவே கூடாது.

எந்த மாதம் என்பதும் முக்கியம். சென்னையில் சித்திரை, வைகாசியில் ஏசி இருக்கிற ஒரே அறையைவிட்டு யாரையும் அசைக்க முடியாது. ஜூனில் பள்ளி திறக்கும். அந்தக் கவலையே பிள்ளைக்குப் போதும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் கொசுவும். தை பிறந்த பிறகு, ஃபேன் காற்றே போதும் என்றிருக்கிற நாட்களில் தொடங்குவது என் தேர்வு.

முதலில் பெரியவன் மட்டும் அந்த அறைக்குப் போகட்டும். அப்பாவோ பாட்டியோ பக்கத்தில் பாய் போட்டுப் படுத்து, சில நாளில் பாயைக் கதவோரத்துக்கு நகர்த்தி, பிறகு வெளியே வரலாம். அவன் அலமாரி, அவன் போர்வை, அவன் பக்கத்துச் சுவர் என்று அது அவன் இடமாக வேண்டும். அதன் பிறகு தங்கை வந்தால், அவன் அறைக்குத் தங்கை வருகிறாள். தங்கைக்காகத் தன்னை அம்மா பக்கத்திலிருந்து எழுப்பிவிட்டார்கள் என்ற எண்ணம் அவனுக்கு வரக்கூடாது. வந்துவிட்டால் மூன்று மணிக்குத் தலைகாணியோடு உங்கள் கதவில் நிற்பான். நின்றால் திட்டாதீர்கள். கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அவன் இடத்திலேயே படுக்கவைத்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். ஒருநாள் உங்கள் கட்டிலில் ஏற்றி, மறுநாள் துரத்தினால்தான் இந்த நடை நீளும்.

இதையும் அழுத்திச் சொல்கிறேன்: "ராத்திரி தங்கச்சியைப் பார்த்துக்கோடா, நீதானே அண்ணன்" என்று சொல்லாதீர்கள். நாலரை வயதுப் பிள்ளை அதை அப்படியே நம்பும். காவல் காக்கிறவனுக்கு உறக்கம் வராது. "அவள் எழுந்தால் நாங்கள் வருவோம், நீ தூங்கு" என்று தினமும் சொல்லுங்கள்; சொன்னபடி வாருங்கள்.

விடியல் நேரம் கடினம். கோயில் மைக், பால்காரர், பக்கத்து வீட்டுக் குக்கர் எல்லாம் சேர்ந்து லேசான உறக்கத்தைக் கலைக்கும். தடித்த திரை போடுங்கள். சின்னவள் எழுந்துவிட்டால் பேச்சுக்கொடுக்காமல் உடனே தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்; அண்ணனுக்கு இன்னும் ஒரு மணி நேர உறக்கம் மிஞ்சும். அவன் முதலில் எழுகிறவன் என்றால் சத்தம் போடாமல் ஹாலுக்கு வரப் பழக்குங்கள்.

உறங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் பெரியவன் அலறி உட்கார்ந்து, கண் திறந்திருந்தும் உங்களை அடையாளம் தெரியாமல் இருந்தால் பயப்படாதீர்கள். அது உறக்கத்திலேயே வரும் திகில், கெட்ட கனவு இல்லை. உலுக்கி எழுப்பாமல் பக்கத்தில் இருந்தால் போதும், தானே அடங்கும். காலையில் அவனுக்கு நினைவே இருக்காது.

அறையைத் தரையில் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். பெரியவனின் பாசிமணி, கோலிகுண்டு, சின்னச் சின்னக் கட்டை எல்லாம் மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் தொண்டையை அடைக்கக் கூடியவை. பொம்மைக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி அதைவிடக் கொடியது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். இவற்றுக்கு மூடியுள்ள டப்பா, உயரமான தட்டு. பீரோவைச் சுவரோடு ஆணியடித்துப் பிணையுங்கள், இழுப்பறையில் கால்வைத்து ஏறுகிற வயது இது. பத்துக்குப் பத்து அறைதானே என்று அடுக்குக் கட்டில் வாங்க ஆசை வரும். ஆறு வயதுக்குக் கீழே யாரையும் மேல்தட்டில் படுக்கவைக்கக் கூடாது. இப்போதைக்குத் தரையில் இரண்டு மெத்தை போதும்.

அண்ணன் தங்கை எத்தனை வயதுவரை சேர்ந்து படுக்கலாம் என்று கேட்பீர்கள். பெண்பிள்ளைகளுக்கு எட்டு வயதிலிருந்தே பருவ மாற்றம் தொடங்கலாம். அதற்கு முன்பே உடை மாற்றத் தனி இடமும், கதவைத் தட்டிவிட்டு நுழைகிற பழக்கமும் வந்துவிட்டால், தனி அறை கிடைக்கும்வரை நடுவில் ஒரு திரை போட்டுச் சமாளிக்கலாம்.

மூன்று வாரம் பொறுத்துப் பாருங்கள். பெரியவன் காலையில் சிடுசிடுவென்று எழுந்து, பள்ளி வேனிலேயே தூங்கிவழிந்தால், சின்னவளைத் திரும்ப உங்கள் அறைக்கு எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் கழித்து மறுபடி முயலுங்கள். யாராவது ஒருவர் வாரத்தில் பல நாள் குறட்டைவிட்டு, வாயைத் திறந்தே தூங்கினால், அது அறை மாற்றத்தால் வந்த தொந்தரவாக இருக்காது. அடினாய்டோ டான்சிலோ பெருத்திருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், முடிந்தால் அந்தக் குறட்டையை ஃபோனில் ஒரு நிமிடம் பதிவுசெய்து எடுத்துப்போங்கள்.