கரும்பின் கணுவும் காலின் கணுவும்

வாசகி ஒருவரின் கடிதம். மகளுக்கு ஒன்பது வயது. தண்டுவடம் முழுதாக மூடாமல் பிறந்த குழந்தை. முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக் பிரேஸ் மாட்டிக்கொண்டு பள்ளிக்கு நடந்து போகிறாள். வலது பாதம் உள்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் பிரேஸ். போன மாதம் கணுக்காலில், வெளிப்பக்க எலும்பு முண்டின் மேல், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். "வலிக்கவே இல்லை என்கிறாள். வலிக்காமல் எப்படிப் புண் வரும்? ஷூவுக்குள் மறைந்துவிடும் சின்ன பிரேஸ், உள்ளே ஜெல், புண்ணே வராது என்று கைப்பேசியில் விளம்பரம் வருகிறது. வாங்கலாமா?" என்று கேட்கிறார்.

வாங்க வேண்டாம். ஏன் என்று சொல்ல ஒரு கரும்பு போதும்.

பொங்கல் கரும்பை எப்படி ஒடிக்கிறோம்? இரண்டு கையாலும் இரு முனையைப் பிடித்து, நடுவில் முழங்காலை முட்டுக்கொடுத்து, நம் பக்கமாக இழுக்கிறோம். மூன்று இடத்தில் விசை. இரண்டு கை ஒரு திசையில், முழங்கால் எதிர்த் திசையில். ஒவ்வொரு கையும் ஐந்து கிலோ இழுத்தால் முழங்கால் பத்து கிலோ தாங்க வேண்டும். கரும்பு ஒடிந்த பிறகு கையைப் பார்க்காமல் முழங்காலைத் தேய்த்துக்கொள்கிறோமே, காரணம் இதுதான்.

பிரேஸ் செய்வதும் இதே வேலை. கரும்பில் வளைக்கிறோம், காலில் வளையாமல் நிறுத்துகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். உள்பக்கம் திரும்பும் பாதத்தை நேராக நிறுத்த, பிரேஸ் மூன்று இடத்தில் அழுத்துகிறது. மேலே கெண்டைக்காலின் உள்பக்கம் ஒன்று, கீழே முன்பாதத்தின் உள்பக்கம் ஒன்று, நடுவில் கணுக்காலின் வெளிப்பக்கம் ஒன்று. மேலும் கீழும் வருகிற விசை இரண்டையும் கூட்டினால் என்னவோ, அது நடுவில் விழுகிறது. அந்தக் குழந்தைக்குப் புண் வந்த இடமும் அதுவே. அழுத்தாத பிரேஸ் என்று ஒன்று கிடையாது. அழுத்தவில்லை என்றால் அது வேலை செய்யவில்லை என்று பொருள். எங்கே அழுத்துகிறது, எவ்வளவு பரப்பில் அழுத்துகிறது என்பதுதான் கேள்வி.

இனி அதே கரும்பில் ஒரு சாண் துண்டை எடுத்து ஒடித்துப் பாருங்கள். மூச்சு முட்டும். கை முழங்காலுக்கு எவ்வளவு அருகில் வருகிறதோ அவ்வளவு பலம் வேண்டும். தூரம் பாதியானால் விசை இரட்டிப்பு. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை ஏறும் பிரேஸ் நீளமாக இருப்பது பழைய காலத்து அழகின்மையால் அல்ல. நீளம் இருப்பதால்தான் குறைந்த அழுத்தத்தில் பாதத்தை நிறுத்த முடிகிறது. அதே பாதத்தை அதே அளவுக்கு நிறுத்த வேண்டுமென்றால், ஷூவுக்குள் மறையும் குட்டி பிரேஸ் பல மடங்கு அழுத்தியாக வேண்டும். அழுத்தவில்லையென்றால் பாதம் திரும்பும். விளம்பரம் இதைச் சொல்லாது.

முழங்காலில் துவாலையை மடித்துப் போட்டுக்கொண்டால் ஒடிப்பது சுலபம். விசை குறைவதில்லை, பரப்பு கூடுகிறது. நான்கு கிலோ விசை 40 சதுர சென்டிமீட்டரில் பரவினால், ரத்த அழுத்தக் கருவியின் கணக்கில் சுமார் 74 மில்லிமீட்டர் பாதரசம். அதே நான்கு கிலோ எலும்பு முண்டின் உச்சியில், இரண்டே சதுர சென்டிமீட்டரில் இறங்கினால் 1,470. ரத்த அழுத்தம் பார்க்கும்போது பட்டை 150, 160க்கு ஏறினாலே கை மரத்துப்போகிறது. அதுவும் ஒரு நிமிடம். பிரேஸ் பள்ளி மணி அடிக்கும்வரை காலில் இருக்கிறது.

கரும்பில் கணு இருக்கும் இடத்தை முழங்காலில் வைத்து யாரும் ஒடிப்பதில்லை. கணு குத்தும். நம் முன்னோர் காலின் அந்த மூட்டுக்கும் கணுக்கால் என்றே பெயர் வைத்தார்கள். பிரேஸ் செய்யும் நல்ல கைகளுக்கு இது தெரியும். காலுக்கு மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்ததும், எலும்பு முண்டு இருக்கும் இடத்தில் அச்சின் மேல் கொஞ்சம் மாவு சேர்த்து மேடாக்குவார்கள். அதன்மேல் சூடான பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்தினால், பிரேஸில் அந்த இடத்தில் ஒரு குழி விழும். கணு குழிக்குள் உட்காரும். அழுத்தம் கணுவுக்குச் சற்று மேலே, சதைப்பற்றான இடத்தில் அகலமாக விழும்.

கரும்புக்கும் காலுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வெட்டிய கரும்பு வளராது, குழந்தையின் கால் வளரும். பாதம் பிரேஸின் அடியில் நிற்கிறது. கால் உயர உயரக் கணுவும் மேலே ஏறுகிறது. ஆனால் குழி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அரை சென்டிமீட்டர் ஏறினாலும் கணு குழியின் விளிம்பில் இடிக்கும். இன்னும் ஏறினால், எந்த இடம் அழுத்துவதற்கென்றே செய்யப்பட்டதோ அங்கே போய் நிற்கும். நேற்றுவரை நண்பனாக இருந்த பிரேஸ் இப்படித்தான் புண் வைக்கிறது. வளரும் பிள்ளையின் பிரேஸைச் சில மாதங்களுக்கு ஒருமுறை காட்டியே ஆக வேண்டும். கணுவின் மேல் லிப்ஸ்டிக் தடவி பிரேஸை மாட்டிக் கழற்றினால், எங்கே இடிக்கிறதோ அங்கே சிவப்பு ஒட்டியிருக்கும். அந்த இடத்தைச் சூடாக்கி வெளியே தள்ளிவிட பிரேஸ் செய்தவர் இருக்கிறார். வீட்டில் மெழுகுவர்த்தியைக் காட்டிச் செய்ய வேண்டாம்.

வரலாற்றுக்கு ஒரு பத்தி தந்துதான் ஆக வேண்டும். 1914இல் கொல்லிமலையில் பிறந்து, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் பாதம் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் அவர்கள் அதே இடத்தை மறுபடி மறுபடி மிதித்துப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள் என்று காட்டியவர். அவருக்கு முன்பே கொழும்பில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர், இத்தகைய பாதப் புண்களை மாவுக்கட்டுக்குள் வைத்து ஆற்றினார். காலோடு முழுக்க ஒட்டிய கட்டு சுமையைக் கால் முழுவதற்கும் பகிர்ந்துவிடுகிறது. புண்ணுக்கு ஓய்வு கிடைக்கிறது. மருந்தைவிட அழுத்தத்தை நீக்குவது பெரிது என்பதை இந்த மண்ணும் இலங்கையும் அன்றே கண்டுவிட்டன. (சீழ் பிடித்த புண்ணுக்கும் ரத்த ஓட்டம் குன்றிய காலுக்கும் இந்தக் கட்டு ஆகாது.)

"வலிக்காமல் எப்படிப் புண் வரும்?" என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. வலிக்காததால்தான் வருகிறது. நமக்குச் செருப்பு கடித்தால் நான்காவது அடியில் காலை மாற்றி வைக்கிறோம். போலியோ வந்தவர்களுக்குத் தசை போனாலும் உணர்ச்சி போவதில்லை; அவர்கள் பிரேஸ் குத்தினால் கழற்றிவிடுவார்கள். இந்தக் குழந்தைக்கும், நீண்ட நாள் சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கும், தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கும் அந்த வலிச் செய்தி மூளைக்குப் போவதில்லை. எலும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே நசுங்கும் சதையில் ரத்தம் நிற்கிறது, செல்கள் உருக்குலைகின்றன. பெரும்பாலும் எலும்பை ஒட்டிய ஆழத்தில்தான் சேதம் அதிகம். வெளியே நாணயம் தெரிந்தால் உள்ளே குடம் இருக்கலாம்.

ஜெல்லுக்கு வருவோம். இறுக்கமான செருப்புக்குள் இன்னொரு சாக்ஸ் போட்டால் வலி குறையுமா, கூடுமா? அளவெடுத்துச் செய்த பிரேஸில் புண்ணின் மேல் பஞ்சோ ஜெல்லோ வைத்தால், அந்த இடம்தான் இன்னும் அழுந்தும். 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே அழுத்தம் இருந்தால் புண் வராது என்ற வாசகத்தையும் நம்ப வேண்டாம். அது 1930இல் லாண்டிஸ் என்பவர், நலமாக இருந்தவர்களின் விரல் நக ஓரத்து நுண்குழாய்களில் அளந்த எண். ஒன்பது வயதுக் குழந்தையின் கணுக்கால் எலும்புக்கு அது எல்லைக்கோடு ஆகாது.

இன்னொரு பிழை இரக்கத்தால் நேர்வது. அழுத்திய தடத்தைப் பார்த்ததும் கணுக்கால் பட்டையைத் தளர்த்திவிடுகிறோம். அந்தப் பட்டைதான் குதிகாலைப் பிரேஸின் அடியில் உட்கார வைக்கிறது. தளர்ந்தால் ஒவ்வொரு அடிக்கும் குதிகால் எழும்பி இறங்கும், தோல் தேயும்.

இப்போது செய்ய வேண்டியவை. புண் ஆறும்வரை அந்தக் காலில் பிரேஸ் கூடாது. மருத்துவரிடம் காட்டி, அதுவரை எப்படி நடப்பது என்று கேளுங்கள். புண்ணை உப்புநீர் மருந்தால் கழுவி, ஒட்டாத கட்டுத்துணியால் மூடுங்கள். நுரைக்கும் மருந்தை ஊற்ற வேண்டாம். அது புதிதாக வளரும் சதையையும் சுடும். சிவந்த இடத்தில் எண்ணெய் விட்டுத் தேய்க்கவே கூடாது. நாற்றம், சீழ், காய்ச்சல், பரவும் வீக்கம் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. போகும்போது குழந்தையோடு பிரேஸையும் எடுத்துப் போங்கள்.

புண் ஆறி, சரிசெய்த பிரேஸ் திரும்ப வந்ததும் முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சாக்ஸ் பிரேஸைவிட உயரமாக, சுருக்கமில்லாமல், தையல் வெளிப்பக்கம் வரும்படி திருப்பிப் போட வேண்டும். மாலையில் கழற்றியதும் வாசல் வெளிச்சத்தில் காலைப் பாருங்கள். அழுத்திய தடம் இருக்கும், கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தம் விலகியதும் பட்டினி கிடந்த சதைக்கு ரத்தம் பாய்ந்து வருவதால் வரும் சிவப்பு அது. இருபது, முப்பது நிமிடத்தில் மறைந்தால் நல்லது, மறையாவிட்டால் மறுநாள் பிரேஸ் வேண்டாம். நம் மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. கருமை கூடினாற்போல் மட்டும் இருக்கலாம். அதனால் புறங்கையை அந்த இடத்தில் வையுங்கள், பிறகு மற்றக் காலில் அதே இடத்தில் வையுங்கள். ஒன்று சூடாக இருந்தால் அது எச்சரிக்கை. தொட்டால் கெட்டியாக இருந்தாலும் அப்படியே. மகளுக்கும் இதைப் பழக்கிவிடுங்கள். பத்து வயதுக்குள் அவளே செய்துகொள்வாள்.

கடிதத்தோடு ஒரு படமும் வந்திருக்கிறது. புண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே, கண்ணேறு படாமலிருக்கக் கட்டிய கறுப்புக் கயிறு. அதன் முடிச்சு பதிந்த குழி. அதைச் சுற்றி மெல்லிய கொலுசின் கண்ணி வரிசை, தோலில் அச்சடித்தாற்போல். பிரேஸுக்குள் ஒரு முடிச்சு என்பது இன்னொரு கணு. கயிற்றைக் கையில் கட்டிவிடுங்கள். கொலுசுக்கு நாலு கண்ணி சேர்த்து, பிரேஸுக்கு மேலே போடுங்கள். அவள் நடந்து வரும் சத்தம் தெருமுனைக்குக் கேட்கட்டும்.