ஒற்றை வாக்கில் தப்பிய லிபியா

இரண்டாம் உலகப் போரில் தோற்ற இத்தாலி, 1947 பிப்ரவரியில் பாரிஸில் கையெழுத்தான சமாதான உடன்படிக்கையின்படி லிபியா, எரித்திரியா, சோமாலிலாந்து ஆகிய மூன்று ஆப்பிரிக்கக் காலனிகளையும் கைவிட்டது. அவற்றின் எதிர்காலத்தை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன் ஆகிய நான்கும், உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த ஓராண்டுக்குள் முடிவு செய்ய வேண்டும், முடியாவிட்டால் ஐ.நா. பொதுச் சபை முடிவு செய்யும் என்பது ஏற்பாடு.

ஏன் இழுபறி?

லிபியாவின் திரிபோலித்தானியாவும் சைரனைக்காவும் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தில் இருந்தன. தெற்கே ஃபெஸான் பிரான்ஸின் கையில். திரிபோலித்தானியாவைத் தங்கள் பொறுப்பில் விடும்படி 1945இலேயே சோவியத் அமைச்சர் மொலட்டோவ் கேட்டிருந்தார். மத்திய தரைக்கடலில் சோவியத் கால் பதிப்பதை பிரிட்டன் விரும்பவில்லை. 1948 செப்டம்பரில் கெடு முடிந்து, விவகாரம் ஐ.நா.வுக்குப் போனது.

பெவின்-ஸ்ஃபோர்ஸா திட்டம்

1949 மே மாதம் பிரிட்டன், இத்தாலி வெளியுறவு அமைச்சர்கள் பெவினும் ஸ்ஃபோர்ஸாவும் ஒரு திட்டத்துடன் வந்தனர். லிபியாவுக்குப் பத்தாண்டுகள் கழித்துச் சுதந்திரம். அதுவரை சைரனைக்கா பிரிட்டனுக்கு, ஃபெஸான் பிரான்ஸுக்கு, திரிபோலித்தானியா மீண்டும் இத்தாலிக்கே! செய்தி தெரிந்ததும் திரிபோலியில் மக்கள் தெருவில் இறங்கினர்.

பொதுச் சபையில் திரிபோலித்தானியா பிரிவுக்கு ஆதரவு 33, எதிர்ப்பு 17. மூன்றில் இரண்டு பங்குக்கு 34 தேவை. எதிர்த்தவர்களில் ஒருவர் ஹெய்தியின் பிரதிநிதி எமில் சான்-லோ. இத்தாலிக்குப் பங்கு இல்லை என்றானதும் அதை ஆதரித்த லத்தீன் அமெரிக்க நாடுகள் பின்வாங்க, மொத்தத் திட்டமும் கவிழ்ந்தது.

பிறகு?

லிபியா 1952 ஜனவரி 1க்குள் சுதந்திரம் பெற வேண்டும் என்று 1949 நவம்பரில் சபை தீர்மானித்தது. ஐ.நா. ஆணையர் அட்ரியன் பெல்ட்டின் உதவியுடன் அரசியலமைப்பு உருவாகி, 1951 டிசம்பர் 24 அன்று மன்னர் இத்ரிஸ் சுதந்திரத்தை அறிவித்தார். சோமாலிலாந்து பத்தாண்டுகளுக்கு இத்தாலியின் பொறுப்பில் விடப்பட்டு, 1960இல் விடுதலை அடைந்தது.

எரித்திரியாவுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. பொது வாக்கெடுப்பு எதுவும் நடத்தாமலேயே, அதை எத்தியோப்பியாவுடன் கூட்டாட்சியில் இணைக்க ஐ.நா. 1950இல் முடிவெடுத்தது. 1962இல் எத்தியோப்பியா அதை முழுமையாக விழுங்கிக்கொண்டது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் போர் நடந்தது. 1993 ஏப்ரலில்தான் எரித்திரியர்களின் விருப்பம் வாக்குச்சீட்டில் கேட்கப்பட்டது; 99 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சுதந்திரத்தையே தேர்ந்தெடுத்தனர். 1950இலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.