கோயிலூர் வீடும் ஆலையூர் வீடும்

ஓர் ஊரின் இயல்பை அறிய விரும்புகிறவர் அவ்வூரின் வீடுகளைப் பார்த்தாலே போதும் என்பது என் கருத்து. விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், அண்டை அயலாக அமைந்துள்ள ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் இதற்குத் தக்க சான்றுகளாகும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். பதினொரு நிலைக் கோபுரத்தைச் சூழ்ந்த வீதிகளில் உள்ள பழைய வீடு முகப்பில் குறுகியது, உள்ளே நீண்டது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். இருபுறமும் அயல் வீட்டுச் சுவர்கள். பக்கத்தில் சாளரம் வைக்க வழியில்லை. ஆகவே வெளிச்சமும் காற்றும் நடுமுற்றத்தின் வழியாகவே வரவேண்டும். முற்றம் அலங்காரம் அன்று, அவ்வீட்டின் மூச்சு. திண்ணையோ, ஆடிப்பூரத் தேர் காண வந்த வழிப்போக்கருக்கும் உரியது.

இராஜபாளையத்தின் கதை வேறு. தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள் ‘கோட்டை’ என வழங்கும் பகுதிகளாகப் பிரிந்து வாழ்ந்தனர். பொதுக் காரியங்களைக் கூடிப் பேசச் சாவடிகள் இருந்தன. 1936ஆம் ஆண்டில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா நூற்பாலையை நிறுவினார். ஆலை வந்த ஊரில் வாழ்க்கை, கதிரவனை விடுத்துச் சங்கொலியைப் பின்பற்றுகிறது. இரவு முறை முடிந்து வருபவன் பகலில் உறங்க வேண்டும். அவனுக்கு வேண்டியது முற்றம் அன்று, அமைதியான ஓர் அறை.

மூன்றாவது மாறுதலைக் கொணர்ந்தது கல்வி. அருகிலுள்ள கிருஷ்ணன்கோவிலில் 1984இல் பொறியியற் கல்லூரி ஒன்று தோன்றி, 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. கல்லூரி வந்தால் விடுதி வரும். வாடகைக்கு அறை தேடுவோரும் வருவர். பழைய வீட்டைத் தடுத்துப் பிரித்து, முற்றத்தைக் கான்கிரீட்டால் மூடினால் ஓர் அறை கூடுதலாகக் கிடைக்கும் என்ற ஆசை எழுவது இயல்பே. ஆனால் அவ்வறைக்கு ஈடாக முழு வீடும் இருளடைகிறது. நண்பகலிலும் விளக்கெரிய வேண்டியதாகிறது. மூடுவதற்குப் பதிலாக இரும்புக் கம்பி வலை அமைத்தால் பாதுகாப்பும் கிடைக்கும், காற்றும் தடைப்படாது.

1949 முதல் 1952 வரை சென்னை மாகாண ஆட்சித் தலைவராயிருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா, இராஜபாளையத்திலிருந்த தம் சொந்த இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு அளித்தார். அத்தகைய தியாகம் எல்லோராலும் இயல்வதன்று. ஆயினும் தெருவைப் பார்த்த ஒரு திண்ணையையும் வானத்தைப் பார்த்த ஒரு முற்றத்தையும் விட்டுவைப்பது நம் எல்லோராலும் இயலும் அல்லவா?