கிலோ கணக்கும் காற்றுக் கணக்கும்

தயார்நிலை ஸ்டீல் கட்டடங்கள் சில மாதங்களில் எழுந்து நிற்கின்றன. விலையைக் கேட்கும் பலர் காற்றைப் பற்றிக் கேட்பதில்லை.

ஒரே அளவு கிடங்கு. மூன்று கம்பெனிகளிடமிருந்து மூன்று கொட்டேஷன். அதில் ஒன்று மற்ற இரண்டையும்விடக் கணிசமாகக் குறைவு. முதலாளியின் பேனா அதை நோக்கித்தான் போகும். கையெழுத்துப் போடும் முன் அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கட்டடம் எந்த ஊர்க் காற்றுக்காக வடிவமைக்கப்பட்டது?

தொழில் வட்டாரத்தில் 'பி.இ.பி.' என்று அழைக்கப்படும் இந்தக் கட்டடங்கள் தொழிற்சாலையிலேயே உருவாகிவிடுகின்றன. தகடுகளை வெட்டிப் பற்றவைத்துச் செய்த தூண்களும் உத்தரங்களும் லாரியில் வந்து இறங்குகின்றன. கிரேனால் தூக்கி நிறுத்தி போல்ட் முடுக்குவதுதான் மிச்ச வேலை. பாரம் அதிகம் தாங்கும் இடத்தில் உத்தரம் அகலமாகவும், குறையும் இடத்தில் ஒடுங்கியும் இருக்கும். மிச்சமாகும் இரும்புதான் மிச்சமாகும் பணம்.

சிக்கலும் இங்கேதான். எடை குறைந்தது இன்ஜினியரின் திறமையாலா, கணக்கில் விட்டுப்போன பாரத்தாலா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

தூக்கும் காற்று

கூரைத் தகடு சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோ. பலத்த காற்று இந்தக் கூரையை அமுக்குவதைவிட மேல்நோக்கி இழுக்கவே செய்கிறது. அந்த இழுவைக்கு அடிப்படை, ஊருக்கு ஊர் மாறும் காற்றின் வேகம். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875ன் மூன்றாம் பகுதி (2015) பெங்களூருக்கு விநாடிக்கு 33 மீட்டர் என்றும், மும்பைக்கு 44, டெல்லிக்கு 47, சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் 50 என்றும் அடிப்படை வேகம் வகுத்திருக்கிறது.

33க்கும் 50க்கும் உள்ள வித்தியாசம் பார்வைக்குச் சிறியது. ஆனால் காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். பெங்களூரில் சதுர மீட்டருக்குச் சுமார் 67 கிலோவாக இருக்கும் அடிப்படை அழுத்தம் சென்னையில் 150 கிலோவைத் தாண்டுகிறது. கிழக்குக் கடற்கரையிலும் குஜராத் கடற்கரையிலும் 60 கிலோமீட்டர் வரை உள்ள தொழிற்கூடங்களுக்கு வேகத்தில் இன்னும் 15 சதவீதம் கூட்டச் சொல்கிறது அதே தர நிர்ணயம். அழுத்தம் 32 சதவீதம் ஏறிவிடும். பெங்களூருக்குப் போட்ட டிசைனைக் கடற்கரையில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹூட்ஹூட் புயல் விமான நிலையக் கூரையைக்கூட விட்டுவைக்கவில்லை.

கதவுகளும் கணக்கில் வர வேண்டும். பெரிய ஷட்டர் திறந்திருக்கும்போது உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும். வெளியே இழுவை, உள்ளே தள்ளல் என இரண்டும் சேர்ந்துகொள்ளும். எத்தனை ஷட்டர், எந்தப் பக்கம் என்பதை ஆர்டர் கொடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

கொட்டேஷனில் பார்க்க வேண்டியவை

முதலில், எந்த விதிப்படி டிசைன்? பராமரிப்பு ஆட்கள் ஏறும் பாரமாக, சரிவு குறைந்த கூரைக்கு இந்திய விதி சதுர மீட்டருக்கு 75 கிலோ கேட்கிறது. அமெரிக்க உலோகக் கட்டடத் தயாரிப்பாளர்களின் வழக்கம் 60 கிலோவுக்கும் குறைவு. இரண்டு விதிகளில் போட்ட இரண்டு விலைகளை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. எல்லோருக்கும் ஒரே விதியை எழுதிக் கொடுத்துவிட்டு விலை கேட்பதே முறை.

அடுத்து, நாளைய தேவை. கூரையில் சோலார் பேனல் போட வேண்டுமானால் சதுர மீட்டருக்குச் சுமார் 15 கிலோ கூடுதல். கிரேன் ஓட வேண்டுமானால் எத்தனை டன் என்று இப்போதே சொல்ல வேண்டும். ஒடுங்கிய உத்தரத்தில் பிற்பாடு எதையும் தொங்கவிட முடியாது.

மூன்றாவது, தகடு. 0.50 மி.மீ. என்பது பூச்சும் சேர்ந்த கனமா, வெறும் இரும்பின் கனமா? பூச்சு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்? உப்புக் காற்றடிக்கும் ஊரில் தகட்டின் ஆயுளே இதில்தான் இருக்கிறது.

கடைசியாக, அஸ்திவாரம். பெரும்பாலும் இது விலையில் சேராது. வேறு கான்ட்ராக்டரின் வேலை. கான்கிரீட்டில் பதிக்கும் ஆங்கர் போல்ட் சில மில்லிமீட்டர் விலகினாலும் தூண் உட்காராது. ஸ்டீல் கம்பெனியின் வரைபடம் கைக்கு வராமல் மண் தோண்டக் கூடாது.

இத்தனையும் பார்த்த பிறகுதான் எடையையும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். டிசைன் கணக்கை, விற்கும் கம்பெனியோடு சம்பந்தமில்லாத ஓர் இன்ஜினியரிடமோ பொறியியல் கல்லூரியிலோ சரிபார்த்துக்கொள்ளலாம். அதற்கு ஆகும் செலவு கட்டடத்தின் விலைக்கு முன் அற்பம். உள்ளே வேலை செய்யப்போகிறவர்கள் அந்தக் கணக்கைப் பார்க்கப்போவதில்லை. அதை நம்பித்தான் கூரைக்குக் கீழே நிற்கப்போகிறார்கள்.